மடிக்கணினி கொள்ளுமாறு

உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியாகி, பல்கலைக்கழக அனுமதிக்குரிய வெட்டுப்புள்ளியும் வெளியானபின், நம் ஊர்களிலே பெற்றோர் இருவகை விசாரணையில் இறங்குவர். ஒன்று, பேராதனையிலோ மொறட்டுவையிலோ பிள்ளை தங்குதற்கு இடம் எங்கே என்பது. மற்றையது, எந்த மடிக்கணினியை வாங்குவது என்பது. முந்திய தலைமுறையிலே இரண்டாவது வினாவுக்கு இடமிருந்ததில்லை. ஒரு றங்குப்பெட்டி, ஒரு குடை, ஓர் ஊற்றுப்பேனா, வசதியுள்ள வீடாயின் ஒரு கைக்கடிகாரம். இவ்வளவோடு புகையிரதமேறியவர்கள் பேராசிரியர்களாய்த் திரும்பினார்கள். இன்று அங்ஙனம் செல்லுதல் இயலாது. விரிவுரைக் குறிப்புகள் கணினி வழியே வருகின்றன. ஒப்படைகள் கணினி வழியே செல்கின்றன. 2020 இல் பெருந்தொற்று வளாகங்களை மூடுவித்தபோது விரிவுரை மண்டபமே கணினிக்குள் புகுந்துவிட்டது. அக்காலத்திலே கைத்தொலைபேசியின் சிறு திரையில் ஆய்வுக் கட்டுரை எழுத முயன்ற மாணவர் சிலரை நான் அறிவேன். சிரட்டையாற் கிணறு இறைப்பதை அஃது ஒக்கும்.

தமிழ்ப் பண்டிதனுக்குக் கணினிக் கடையில் என்ன வேலை என்று வினவுவாருமுளர். எழுத்துக் கருவியை நாடிச் செல்லுதல் நம்மவர்க்குப் புதியதன்று. அச்சியந்திரம் வாங்குதற்காக 1849 இல் நாவலர் சென்னைக்குக் கடல் கடந்து சென்றார். சிறுப்பிட்டி தந்த தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகளைத் தேடிப் பிடித்து அச்சேற்றியிராவிடின், கலித்தொகை முதலிய நூல்கள் என்னவாகியிருக்கும் என எண்ணவே அச்சமாயிருக்கின்றது. தமிழுக்குத் தட்டச்சுப்பொறி அமைத்தவருள் முதன்மை பெற்ற முத்தையாவும் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குழியிற் பிறந்து மலாயா சென்றவரே. எழுத்தாணியின் கூரைப் பார்த்து வாங்கியவன் பண்டிதன்; இன்று விசைப்பலகையை அழுத்திப் பார்த்து வாங்குவதும் அவனுக்கு அடுக்கும்.

நிற்க. மடிக்கணினி கொள்ளப் புகுவார் முதலில் அறிய வேண்டியது கணினியை அன்று, பாடத்தை. பிள்ளை எதைப் படிக்கப் போகின்றது? கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்துக்குப் போகின்றதாயின், இயந்திர உறுப்புகளை முப்பரிமாணத்தில் வரையும் சொலிட்வேர்க்ஸ் போன்ற செயலிகள் வேண்டியிருக்கலாம். அச்செயலி விண்டோஸ் இயங்குதளத்துக்கென ஆக்கப்பட்டது. அப்பிள் நிறுவனத்தார் கணினியில் அது நேரே இயங்காது. வெளிநாட்டிலிருந்து மாமன் அன்போடு கொண்டுவந்து கொடுத்த விலையுயர்ந்த அப்பிள் கணினியை மடியில் வைத்துக்கொண்டு, வரைதற்குத் தோழனின் கணினியை இரவல் கேட்கும் பிள்ளைகள் இக்காரணத்தாலே உண்டாகின்றார்கள். கட்டடக் கலைஞனாகப் போகின்றவனுக்கும் வலிய கணினி வேண்டும். மருத்துவ மாணவனுக்கோ படித்தலும் படம் பார்த்தலுமே பெரும்பான்மை. கலைப்பீடத்தாருக்கு எழுதுதலே தொழில். ஆதலால், முதலாம் வருடத்து முதல் வாரத்தில், அத்துறையில் ஏற்கெனவே பயிலும் மாணவர் ஒருவரைக் கேட்டறிந்து வாங்குதலே தக்கது. அனுமதிக் கடிதம் வந்த அன்றே கடைக்கு ஓடுவார் கடைக்காரருக்கே நன்மை செய்கின்றனர்.

கடைக்குப் போனால் முதலிற் காதில் விழுவது 'ஐ7' என்னும் சொல். அது மந்திரம்போல் உச்சரிக்கப்படுகின்றது. இன்ரெல் நிறுவனத்தார் தம் செயலிச் சில்லுகளுக்கு ஐ3, ஐ5, ஐ7 என நெடுங்காலம் பெயரிட்டு வந்தனர். எண் பெரிதாயிற் சில்லும் பெரிது என்பது வாங்குவாரின் துணிபு. ஒரே ஆண்டிற் பிறந்தவற்றை ஒப்பிடும்போதே அத்துணிபு பொருந்தும். இங்கே நம் மாணாக்கர் கீழ்வகுப்பிற் படித்த பகுபத இலக்கணம் உதவிக்கு வரும். பெயரைப் பிரித்து நோக்குக. 'ஐ7-4510யூ' என்பதில், 'ஐ7' குடிப்பெயர். கோட்டின்பின் நிற்கும் 4 தலைமுறையைக் காட்டுவது. ஈற்றில் நிற்கும் 'யூ' விகுதி. மின்னைச் சிக்கனமாய் உண்பது என்பது அதன் பொருள். அவ்விடத்தில் 'எச்' விகுதி நிற்குமாயின், வலிமை மிக்கது, மின்னும் மிக உண்பது, சூடும் மிகத் தருவது என்க. மேற்சொன்ன சில்லு 2014 இல் வெளிவந்தது. அதன் உட்கருக்கள் இரண்டு. 'ஐ3-1215யூ' என்பதோ பன்னிரண்டாந் தலைமுறை, 2022 ஆம் ஆண்டுக்குரியது, உட்கருக்கள் ஆறு. பெயரளவில் ஏழாயிருப்பது மூன்றாயிருப்பதற்குத் தோற்கும் விந்தையை இங்கே காணலாம். குடிப்பெயரைச் சொல்லி விற்பார் தலைமுறையைச் சொல்லார். நாமே கேட்டறிதல் வேண்டும்.

2023 இன் இறுதி தொடக்கம் இன்ரெல் நிறுவனத்தார் 'ஐ' என்னும் எழுத்தைக் கைவிட்டு 'கோர்', 'கோர் அல்ட்ரா' எனப் புதுப்பெயர் சூட்டத் தொடங்கினர், குழப்பம் தீர்ந்ததில்லை. ஏ.எம்.டி. நிறுவனத்தாரின் றைசன் சில்லுகளிலோ வேறொரு சூக்குமம் உண்டு. 2023 ஆம் ஆண்டுக்கென அவர்கள் வகுத்த பெயரீட்டு முறையில், நான்கெண்ணுள் முதலெண் ஆண்டைக் காட்டும். உள்ளமைப்பு எக்காலத்தது என்பதை மூன்றாம் எண்ணே காட்டும். 'றைசன் 5 7520யூ' என்பது ஏழாயிரத்தில் தொடங்குதலாற் புதியதெனத் தோன்றும். மூன்றாம் இடத்து 2 அது 2019 ஆம் ஆண்டு வடிவத்தின் வழிவந்தது என்பதைச் சொல்லிவிடும். எழுத ஆகாதது என்பதன்று. அதற்குப் புதியதன் விலை கொடுத்தலாகாது என்பதே கருத்து.

இனி நினைவகம். நன்னூற் பாயிரம் மாணாக்கரை முத்திறமாக வகுத்து, அன்னத்தையும் பசுவையும் தலையாயவர்க்கும், மண்ணையும் கிளியையும் இடைப்பட்டவர்க்கும், இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றைக் கடைப்பட்டவர்க்கும் உவமையாக்கும். கணினியின் உள்ளேயும் இவ்வுவமைகளுட் சில குடியிருக்கின்றன. தற்காலிக நினைவகம் இல்லிக்குடம். மின் நின்ற கணத்தில் அதிலுள்ளது அனைத்தும் ஒழுகிப்போம். ஆயினும் வேலை நடப்பது அதனுள்ளேதான். எழுதுமேசை அகன்றிருந்தால் ஒரே வேளையிற் பல நூல்களை விரித்துவைக்கலாம் அன்றோ? அதுபோல் இந்நினைவகம் 8 கிகாபைற்று இருப்பின் ஒரு மாணவன் ஒருவாறு சமாளிப்பான். 16 இருப்பின் நாலு வருடமும் முகம் சுளியான். 4 என்று விற்கப்படுவதை இனிமேல் வாங்கலாகாது. நிரந்தரச் சேமிப்பகமோ மண். இட்டதைக் காத்து வைத்துத் தருவது. முன்னாளில் அது நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டாக இருந்தது. இக்காலத்துத் திண்மநிலைச் சேமிப்பகத்திலே சுழல்வது யாதுமில்லை. பேருந்துக் குலுக்கலுக்கு அது அஞ்சாது. கணினி எழுந்திருக்கும் வேகமும் பன்மடங்காகும். பழைய கணினி ஒன்றிற் சுழல்தட்டை நீக்கி இதனைப் பொருத்தினால், புதுக்கணினி வாங்கினாற்போல இருக்கும். 256 கிகாபைற்று எழுதுவார்க்குப் போதும், 512 நன்று.

ஒரு வினாவை மறவாது கேட்டல் வேண்டும்: நினைவகத்தைப் பின்னர்க் கூட்டலாமா? அண்மைக்காலத்து மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகச் சில்லு தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கின்றது. 8 ஆயின் என்றைக்கும் 8 தான். மேலே கூறிய 7520 இத்தகையது. பின்னர்க் கூட்டலாம் என்ற நம்பிக்கையோடு வாங்குவோர் திருகாணியைக் கழற்றிப் பார்த்தபின்பே உண்மை அறிவர். இஃதன்றி, 2025 இன் பிற்பகுதியிலே, செயற்கை நுண்ணறிவுக்காக எழுப்பப்படும் பெருங் கணினி நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்ளத் தொடங்கியமையால் அவற்றின் விலை உலகெங்கும் ஏறத் தொடங்கிற்று. எங்கேயோ ஓர் இயந்திரம் கவிதை எழுதக் கற்பதற்கு நம்மூர்ப் பிள்ளை விலை கொடுக்கின்றது!

திரையைப் பற்றித் தமிழ் மாணவர்க்குத் தனியாகச் சொல்லுதல் வேண்டும். மெய்யெழுத்தின் தலையிலே நிற்கும் புள்ளியே நம் எழுத்தின் உயிர்நாடி. குறுக்கில் 1366 புள்ளிகள் மாத்திரமே கொண்ட மலிந்த திரைகளிற் சிறிய தமிழெழுத்து மங்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் நிறம் வெளுக்கும். புள்ளி உண்டோ இல்லையோ என்ற ஐயம் நேரும். 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் வேற்றுமை காணக் கண் வருந்தும். குறுக்கில் 1920, நெடுக்கில் 1080 புள்ளிகள் உள்ள திரையே நான்கு வருடம் படிப்பார்க்கு ஏற்றது, ஐ.பி.எஸ். வகையாயிற் பக்கத்திலிருந்து பார்ப்பினும் நிறம் மாறாது. 1998 ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும், 2005 இல் எழுந்த நூலகம் இணையத்தளத்தில் ஒளிவருடி வைக்கப்பட்டுள்ள ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் இன்று தமிழ் மாணவனின் பெருஞ்செல்வம். பழைய அச்சுத்தாளின் படிமத்தை வாசித்தற்குத் திரை தெளிவாயிருத்தல் இன்றியமையாதது.

சென்ற ஆண்டிலே என் பழைய மாணவி ஒருத்தியும் அவள் தாயும் வீட்டுக்கு வந்திருந்தனர். பெண் பேராதனைக் கலைப்பீடத்துக்குத் தெரிவாகியிருந்தாள். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கொள்ள விருப்பம். தந்தை மேசன் வேலை செய்பவர். தாய் வீட்டில் உடுப்புத் தைப்பவர். தாயின் கையிலே மெல்லிய காப்பு இரண்டு. அவற்றை வங்கியில் ஈடு வைத்துக் கணினி வாங்குவதாகத் தீர்மானம். பட்டணத்துக் கடையொன்றிற் பொருளும் பார்த்து வைத்துவிட்டார்கள். விலை 275,000 ரூபா. "ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்கோ, ஐயா" என்றார் தாய். சென்றேன்.

கடையிலிருந்த இளைஞன் மரியாதை உள்ளவன். கணினியைத் திறந்து காட்டினான். விசைப்பலகையின் கீழிருந்து சிவப்பும் நீலமுமாக ஒளி கிளம்பிற்று. திருவிழாவுக்குச் சிகரம் சோடித்தாற்போன்ற தோற்றம்.

"ஐயா, இது கேமிங் மெசின். தனிக் கிறாபிக்ஸ் காட் இருக்கு. எல்லாம் பறக்கும்."

"தம்பி, இந்தப் பிள்ளை தொல்காப்பியம் படிக்கப் போகுது. அது பறக்கத் தேவையில்லை. என்ன நிறை?"

"ரெண்டு கிலோ முந்நூறு."

"சாஜரோடையோ?"

சாஜர் வேறாக முக்காற் கிலோவுக்கு வந்தது. செங்கல்லை ஒத்த பருமன். மின்கலம் எவ்வளவு நேரம் நிற்கும் என்றேன். எழுதும் வேலைக்கு மூன்று மணித்தியாலம் என்றான். பொய் சொல்லாதது பற்றி அவன்மேல் எனக்கு மதிப்பு உண்டாயிற்று. தனிக் கிறாபிக்ஸ் சில்லு விளையாட்டுக்கும் முப்பரிமாண வரைதலுக்கும் உரியது. வாழ்நாள் முழுவதும் சொல்லெழுதப் போகின்றவள் அதற்குப் பணம் கொடுத்தல், நடந்துபோகும் தூரத்துக்குத் தேர் வாங்குதல் போலும்.

அக்கடையிலேயே மேல்தட்டில், வெளிநாட்டு அலுவலகங்களிற் பாவித்துக் கழித்து, இங்கே துப்புரவாக்கி விற்கப்படும் கணினிகள் அடுக்கியிருந்தன. கண்ணைப் பறிக்கும் நிறம் ஒன்றுமில்லை, கறுப்புப் பெட்டிகள். அவற்றுள் லெனோவோ நிறுவனத்தாரின் திங்பாட் ரி480 என்பதை எடுக்கச் சொன்னேன். 2018 ஆம் ஆண்டு மாதிரி. எட்டாந் தலைமுறை ஐ5. 16 கிகாபைற்று நினைவகம். பின்னர்க் கூட்டவும் மாற்றவும் இடமுண்டு. 14 அங்குலத் தெளிந்த திரை. உள்ளே ஒரு மின்கலமும், வெளியே கழற்றி மாற்றத்தக்க இன்னொன்றுமாக இரண்டு. விலை 85,000. தாயின் முகம் வாடிற்று.

"பழசெண்டால் கம்பஸிலை மற்றப் பிள்ளையள் ஒரு மாதிரிப் பாப்பினமோ, ஐயா?"

அவ்வினாவை நான் சிறிதாக எண்ணவில்லை. வறுமையைக் காட்டிலும் வறுமை வெளியே தெரிதல் கொடிது என்பது விடுதியில் வாழ்ந்தவர்க்குத் தெரியும். விடையை நான் சொல்லாது, பெண்ணைக் கதிரையில் இருத்தி, அரைமணி நேரம் எதையாயினும் தமிழிலே தட்டெழுதும்படி கூறினேன். கடையில் ஆட்கள் வந்தனர், போயினர். அவள் எழுதிக்கொண்டேயிருந்தாள். பின்னர் தாயின் பக்கம் திரும்பி, "இதிலை எழுதக் கை நோகேல்லை, அம்மா. எனக்கு இது காணும்" என்றாள். பாவித்த கணினிக்குரிய குறைகளையும் நான் மறையாது அவர்களுக்குச் சொன்னேன். ஆறு மாதத்துக்கே உத்தரவாதம். அதுவும் அக்கடையாரின் உத்தரவாதம், நிறுவனத்தாருடையதன்று. நாலாம் வருடத்தில் மின்கலம் மாற்ற வேண்டிவரும். அதற்கு ஒரு தொகையை இப்போதே ஒதுக்குதல் நன்று. ஒரு காப்பு மாத்திரம் வங்கிக்குப் போயிற்று.

பாவித்த கணினி கொள்வார் சில தேர்வுகளைக் கடையிலேயே செய்தல் வேண்டும். விண்டோஸ் 10 க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றன. விண்டோஸ் 11 இன்ரெல் சில்லுகளிற் பொதுவாக எட்டாந் தலைமுறைக்கு முற்பட்டவற்றை ஏற்பதில்லை, ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் கேட்கும். ஆறாந் தலைமுறைக் கணினியொன்றைப் 'புதிது போல்' என்று நாற்பதினாயிரத்துக்கு விற்பார் இதனை எடுத்துரைப்பதில்லை. அத்தகையது ஏற்கெனவே வீட்டில் இருக்குமாயின் எறிய வேண்டியதில்லை. உபுந்து முதலிய லினக்ஸ் இயங்குதளங்களும், லிபரெ ஒபிஸ் என்னும் எழுதுசெயலியும் விலையின்றிக் கிடைக்கும். எழுத்து வேலைக்கு அவை நிறையவே போதும். திருட்டு விண்டோஸை ஏற்றித் தரும் கடையாரினும் அவை நம்பத்தக்கவை. இனி, விண்டோஸிலேயே மின்கல அறிக்கை ஒன்றைத் தோற்றுவிக்கும் கட்டளை உண்டு. அதில், மின்கலம் செய்யப்பட்ட நாளிற் கொண்ட அளவும் இன்று கொள்ளும் அளவும் அருகருகே காட்டப்பெறும். முந்தியது 48, பிந்தியது 24 எனின், பாதி உயிர் போயிற்று. விலையையும் அதற்கேற்பப் பேசலாம். திரையை வெள்ளையாக்கிக் கறை உண்டோ என்று பார்க்க. ஒவ்வொரு விசையையும் அழுத்துக. மூடியை மெல்லத் திறந்து மூடிப் பிணைச்சல் தளர்ந்ததோ என்று நோக்குக. சாஜர் அக்கணினிக்கே உரியதா, போலியா என்று கேட்க.

மின்கலம் பற்றி இன்னுஞ் சில. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திரார். அவ்வாண்டு மார்ச்சில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர் இரண்டு மாதத்துள் 360 ஐ அணுகிற்று. மடிக்கணினியின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாததாயிற்று அன்றுதான். மின் ஒழுங்காயுள்ள காலத்தும் விடுதி அறையொன்றிற் செருகி ஒன்று, பிள்ளைகள் நால்வர். ஆதலால் மின்கலத்தின் அளவை 'வாற்-மணி' என்னும் அலகிற் கேட்டறிதல் வேண்டும். 50 வாற்-மணி கொண்ட கணினி, எழுதும்போது 10 வாற் உண்ணுமாயின், ஐந்து மணித்தியாலம் நிற்கும். கணக்கு அவ்வளவே. இலித்தியம் அயன் மின்கலத்தை முதன்முதல் 1991 இற் சந்தைக்குக் கொண்டுவந்தோர் சோனி நிறுவனத்தார். அதற்கு அடிகோலிய குட்இனஃப், விற்றிங்ஹம், யொஷினோ ஆகிய மூவரும் 2019 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்றனர். இம்மின்கலத்துக்குப் பகை வெப்பம். மெத்தைமேற் கணினியை வைத்துக் காற்றுத்துவாரத்தை அடைத்தலும், நண்பகலில் வெயிலில் நிற்கும் வாகனத்தில் விட்டுச்செல்லலும் அதன் ஆயுளைக் குறைக்கும்.

நிறையைப் பற்றிக் கூறும்போது ஒரு வரலாறு நினைவுக்கு வருகின்றது. தூக்கிச் செல்லத்தக்க கணினி என விற்பனையில் முதல் வெற்றி பெற்றது 1981 இல் வந்த ஒஸ்போர்ண் 1. அதன் நிறை ஏறக்குறைய 11 கிலோ, திரை 5 அங்குலம், மின்கலம் இல்லை. அதனை ஆக்குவித்த அடம் ஒஸ்போர்ண், இரமண மகரிஷியைப் பற்றி நூல் எழுதிய ஆர்தர் ஒஸ்போர்ணின் மகன். திருவண்ணாமலையிலே இளமையைக் கழித்தவர். 2003 இற் கொடைக்கானலிற் காலமானவர். மடிக்கணினியின் முன்னோடிகளுள் ஒருவர் தமிழ்நாட்டு மண்ணில் ஓடியாடி வளர்ந்தவர் என்பதை நம் மாணவர் அறிந்திருத்தல் நன்று. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் பேருந்திற் செல்லும் பிள்ளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கும் இரண்டரைக் கிலோவுக்கும் உள்ள வேற்றுமை பெரிது. விலைச்சீட்டில் அது சிறிதாகவே எழுதப்பட்டிருக்கும்.

கணினி வாங்கியவுடன் தமிழை அதில் ஒழுங்காக அமைத்தல் வேண்டும். நம் நாட்டில் இன்னும் பலர் பாமினி எழுத்துருவிலேயே தட்டெழுதுகின்றனர். அதன் அந்தரங்கத்தை அறிந்தவர் சிலர். பாமினியில் 'தமிழ்' என்று கண்ணுக்குத் தெரிவது, கணினியின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமேயாம். தமிழ் வேடம் புனைந்த ஆங்கிலம் அது. எழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் வேடம் கலைந்துவிடும். தேடுபொறியும் அதனைத் தமிழென்று அறியாது. 1991 இல் வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் அளிக்கப்பட்டது. ஒருங்குறியில் எழுதப்பட்டதே எந்நாட்டுக் கணினியிலும் தமிழாய் நிற்கும். விண்டோஸ் 11 இல் தமிழ்99, அஞ்சல் முதலிய விசைப்பலகைகள் உள்ளேயே இருக்கின்றன. இலங்கைத் தரமாக ஏற்கப்பெற்ற ரெங்கநாதன் விசைப்பலகையைப் பழகியவர் அதனைத் தனியே நிறுவிக்கொள்ளலாம். பாமினியிற் கை பழகியவர்க்கு, அதே விசையமைப்பில் ஒருங்குறி தரும் மென்பொருள்களும் உண்டு. பட்டமாணியாக வெளிவரும் ஒருவர் தம் ஆய்வேட்டைப் பாமினியில் விட்டுச்செல்லுதல், பூட்டிய பெட்டிக்குள் வைத்துத் திறப்பை எறிந்துவிடுதலை ஒக்கும்.

இப்போது விற்பனையாளர் 'ஏ.ஐ. கணினி' என்று ஒன்றைக் காட்டுகின்றனர். 2024 முதல் இப்பெயர் பரவலாயிற்று. அதற்கென ஒரு தனிச் சில்லும் உள்ளே இருக்கும். மாணவர் இன்று பாவிக்கும் உரையாடற் செயலிகளிற் பெரும்பாலானவை தூரத்துக் கணினி நிலையங்களிலே இயங்குவன. பழைய கணினியிலும் அவை அப்படியே வரும். அச்சில்லுக்காக மேலதிக விலை கொடுத்தல் இப்போதைக்கு வேண்டா. ஒப்படையை அச்செயலிகளைக் கொண்டு எழுதுவித்துச் சமர்ப்பிக்கும் மாணாக்கரைப் பற்றி வேறொரு வாரம் எழுதுதல் வேண்டும். கோபமின்றி எழுதக் கூடிய நாளிலே எழுதுவேன்.

பிரதி எடுத்தலைப் பற்றிச் சொல்லாது விடலாகாது. 1981 ஆம் ஆண்டு ஜூன் முதலாந் திகதி விடியுமுன் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் அவற்றுள் இருந்தன. ஒன்றே ஒன்றாயிருப்பது இல்லாததற்குச் சமன் என்பதை நம்மைப்போல் அறிந்த சமூகம் குறைவு. ஆயினும் ஆய்வேட்டை ஒரே கணினியில் மாத்திரம் வைத்துக்கொண்டு, சமர்ப்பிக்கும் வாரத்திலே கணினி விழுந்து உடைந்ததென அழுதுவரும் மாணவர் ஆண்டுதோறும் உளர். கணினியில் ஒன்று, புறச் சேமிப்பகத்தில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என மூன்று இடத்தில் வைத்தல் வேண்டும். புறச் சேமிப்பகத்தைக் கணினி வைக்கும் அதே பையிலே வைத்தலாகாது. பை களவு போனால் இரண்டும் போம்.

களவு என்றதும் இன்னொன்று. கணினியின் அடியில் அச்சிடப்பட்டிருக்கும் தொடரெண்ணைக் கடையிலேயே பற்றுச்சீட்டில் எழுதுவித்துக்கொள்ளல் வேண்டும். உத்தரவாதத்துக்கும் அதுவே ஆதாரம். பற்றுச்சீட்டின் மை ஆறு மாதத்தில் வெளுத்துப்போம். ஆதலால் நிழற்பிரதி ஒன்று எடுத்து வீட்டில் வைக்க. விடுதியிற் கணினி காணாமற்போயிற்றென முறைப்பாடு செய்யச் சென்றாற் பொலிசார் முதலிற் கேட்பது அவ்வெண்ணையே.